அப்பாவின் பாதி வயிறு

என் அப்பாவின் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தபோது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, மலையில் ஏறி இறங்கிச் சத்தம் போடுவது, சாயங்காலம் கொழுந்து நிறுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சத்தம் போடுவதில் குறை வைக்க மாட்டார். ஏறி இறங்குவதுதான் கஷ்டம், ஏனென்றால் அப்பா பெரிய உடம்புக்காரர். மற்ற கணக்கப்பிள்ளைகள் மலைவளைவில் திரும்பும்போது முதலில் தொப்பி தெரியும், அப்பாவுக்குத் தொந்தி தெரியும். அந்த இடைவெளியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் கொழுந்து பறிக்கத் தொடங்கிவிடலாம் என்பதால் ஆட்களுக்கு அவர்மேல் பிரியம்தான்.

அவர் சாப்பிடுவதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் கோயில் சாப்பாட்டில் அவருக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் இலையைப் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிராமல், விரல்களால் சோற்றைப் பிசைந்து உருட்டி, ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சி, கடைசியில் இலையை வழித்துவிட்டு எழுவார். எழும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே ரத்தம் கக்கினார். தோட்டத்து டாக்டரையா வந்து பார்த்தார். தன்னிடம் இருப்பது வெள்ளை மருந்தும் சிவப்பு மருந்தும்தான், இதற்கு இரண்டும் ஆகாது என்று நேர்மையாகச் சொல்லி, தோட்டத்து லொறியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வயிற்றுக்குள் பல வருஷத்துப் புண். டாக்டர் சிங்களவர், நல்ல மனுஷர். பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிட்டதாக அவர் சொன்னதை ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அம்மா யோசித்துவிட்டு, "வெட்டுனத என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க" என்றாள். அந்த ஆள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சட்டதிட்டங்கள் சொன்னார். இனி மூன்று வேளைச் சாப்பாடு கிடையாது. ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு பூனைக்குப் போதுமான அளவு. சாப்பாட்டோடு தண்ணீர், ரசம், மோர் எதுவும் சேர்க்கக் கூடாது. சீனி ஆகாது. வாயில் போட்டதைக் கூழாகும்வரை மெல்ல வேண்டும், மெல்லும்போது பேசக் கூடாது. சாப்பிட்டவுடன் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். கையால் சாப்பிட்டால் பழைய பழக்கத்தில் வேகமாகப் போய்விடும், அதனால் சின்னக் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கரண்டி என்றதும் தலை நின்றுவிட்டது.

தேக்கரண்டி வாங்கப் போனது நான். டவுனில் முஸ்லிம் நானா கடையில் கேட்டபோது, "கணக்கப்புள்ளைக்கா? பச்சப் புள்ளைக்குக் குடுக்கிறதல்லவா இது?" என்று நானா ஆச்சரியப்பட்டார். அவர் அதைத் தாளில் சுற்றி, "சீக்கிரம் சொகமாகட்டும்" என்று தந்தார். அன்றிலிருந்து அந்தக் கரண்டி அப்பாவின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டு பேனா வைத்திருக்கும் பெரிய மனுஷர் என்று தோன்றும்.

உடம்பு வடியத் தொடங்கியது. முதலில் கன்னம், பிறகு கழுத்து, அப்புறம் தொந்தி இருந்த இடத்தில் ஒரு மடிப்பு மட்டும். அரைக்கால் சட்டையைத் தையல்காரர் இரண்டு தடவை பிடித்துத் தைத்தார். மூன்றாம் தடவை, இரண்டு பையும் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, இதற்கு மேல் முடியாது என்று கைவிரித்தார். மோதிரம் கழன்று விழுந்து, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் இறாத்தலைக் கழித்துவிட்டுத்தான் அன்றைய கூலிக்குப் பேர் போடுவார்கள். அதற்குக் கழிவு என்று பெயர். ஆட்களுக்குப் பிடிக்காத சொல் அது ஒன்றுதான். இப்போது தராசடியில் பெண்கள் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "எங்களுக்குப் போட்ட கழிவெல்லாம் ஐயாவுக்கே விழுந்திருச்சு" என்று சிரித்தார்கள். சத்தம் போட அப்பா வாயைத் திறப்பார். பழைய சத்தம் வராது.

மலைமேல் ஏறுவது மட்டும் எளிதாகிவிட்டது. வேலைக்காட்டுக்குத் திடீர் திடீரென்று போய் நின்றார். தொந்தி முன்னறிவிப்புக் கொடுக்காததால் பேசிக்கொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இதனால் அவர் மேலிருந்த பிரியம் கொஞ்சம் குறைந்தது. தோட்டத்துத் துரைதான் தொந்தியைக் குறைக்கச் சொல்லி ஆபரேஷனுக்கு அனுப்பினார் என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு கதை ஓடியது. அதை அப்பா மறுக்கவில்லை. வயிற்றுப் புண் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே நெஞ்சு நோய்க்குப் போய்விடுவார்கள். மெலிந்தவன் வீட்டில் காசம் இருக்கிறது என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு.

ஆறு வேளையும் என் தலையில் விழுந்தது. நான் எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ரொட்டியைச் சின்னதாகத் தட்டிச் சுட்டு, முட்டை அவித்து, கிழங்கை மசித்து, பெரட்டுக்களத்துக்கும் வேலைக்காட்டுக்கும் கொண்டுபோவேன். அவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆட்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரண்டியை எடுத்துப் பார்ப்பார். நான் திரும்பிவிட்டால் கையால் சாப்பிடுவார். நான் திரும்பிப் பார்த்தால் கரண்டி. வீட்டிலும் அப்படித்தான், அம்மா அடுப்படிக்குப் போனதும் கரண்டி சட்டைப்பைக்குப் போய்விடும். எனக்குக் கோபம் கோபமாக வரும். "இதுல என்னங்கப்பா வெக்கம்?" என்று கேட்டால், "கரண்டியில தின்னா தின்ன மாதிரியே இல்லம்மா" என்பார்.

அந்த வருஷத் திருவிழாச் சாப்பாட்டுக்கு அவர் போகவில்லை. பந்தி முடியும்வரை வீட்டுக்குள் படுத்திருந்தார். பார்க்கப் போனேன், கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் காற்றில் வந்த சாம்பார் வாசனையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமா, அம்மாவின் அண்ணன், எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். உடப்புசல்லாவையில் ஒரு பெரிய கங்காணி வீடு. லொறி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர் என்றார்கள், குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், தை மாதத்திலிருந்து சின்ன வகுப்புக்கு என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் கரும்பலகைக்கு முன்னால் மனத்துக்குள் பலமுறை நின்று பார்த்திருந்தேன். லொறி வீட்டில் மருமகள் வேலைக்குப் போகமாட்டாள் என்று மாமாவே பெருமையாகச் சொன்னார். அது வேண்டாம் என்று அப்பாவிடம் அழுதேன்.

அப்பா மச்சானைப் பகைத்துக்கொள்ளக் கூடியவர் இல்லை. "மாமா பேச்சுக்காகப் போயி வீட்டப் பாத்துட்டு வந்துர்றேன். கை நனைக்க மாட்டேன். போதுமா?" என்றார்.

எனக்குப் போதும். எங்கள் பக்கத்தில் அது உறுதியான வார்த்தை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம், அதெல்லாம் ஒன்றுமில்லை. சோற்றில் கை வைத்தால் முடிந்தது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதன்பிறகு மறுத்தால் அந்த வீட்டை அவமானப்படுத்தியதாக ஆகும். பிடிக்காதவர்கள் எத்தனை பசியிலும் கை நனைக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். ஆனால் எழுந்து வருகிறவர்களுக்கு முழு வயிறு இருக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

போகிற அன்று காலையில் மாமா அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மச்சான், இப்பிடிப் போனா காசம்பாங்க" என்றார். ஒரு துவாய் கொண்டுவரச் சொல்லி, அதை மடித்து அப்பாவின் வயிற்றில் சுற்றிக் கட்டி, மேலே பழைய சட்டையும் கோட்டும் போட்டுவிட்டார். அப்பா பழைய அப்பாவாகிவிட்டார். முகம் மட்டும் வேறு யாருடையதோ. நான் ரொட்டியும் முட்டையும் கட்டி ஒரு பையில் வைத்துக் கொடுத்தேன்.

அன்று நடந்ததை மாமா வாயால்தான் முதலில் கேட்டேன். தலவாக்கலையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்குக் கட்டுச்சோறு தூக்கிக்கொண்டு போனால் பிச்சைக்காரர்கள் என்று நினைப்பார்கள் என்று மாமா பையை பஸ் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அப்பாவை இறக்கிவிட்டார். அந்த வீட்டில் ஆளுயரத் தம்ளரில் சீனி போட்ட பால் தேத்தண்ணி, அதிரசம், லட்டு. தெம்பான ஆள் என்று காட்டுவதற்காக மாமா அப்பாவின் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட வைத்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு நெஞ்சு படபடத்தது, வேர்த்தது. துவாய் நனைந்தது. பிறகு கை கால் நடுங்கத் தொடங்கியது. சீனி அவர் வயிற்றில் செய்கிற வேலை அது, கொஞ்சம் சோறு உள்ளே போகும்வரை நிற்காது. அந்த நேரம் பார்த்து அவர்கள் இலை போட்டார்கள்.

"சோத்தப் பாத்ததும் மச்சான் உக்காந்துட்டாரு" என்று மாமா மகிழ்ச்சியோடு சொன்னார். "நான் அப்பவே அவங்ககிட்டச் சொல்லிட்டேன், எங்க மச்சான் கை நனைச்சுட்டாரு, இனிமே நாமெல்லாம் ஒண்ணுன்னு."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?" என்று அம்மா கேட்டாள்.

"வாயில சோறு இருந்திச்சு. மென்னுக்கிட்டே இருந்தாரு."

அவர் மென்று முடிப்பதற்குள் அந்த வீட்டில் வெற்றிலை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சாப்பிட்டதும் படுக்க வேண்டும் என்பதால் அப்பா அங்கேயே கட்டிலில் படுத்தார். வந்த முதல் நாளே சொந்த வீடு மாதிரிப் படுத்துக்கொண்டார் என்று அவர்களுக்குப் பரம திருப்தி.

அப்பா வாசலில் துவாயை அவிழ்த்துக்கொண்டு நின்றார். "நான் கை நனைக்கலம்மா" என்றார். மாமா சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். ஒரு வாயில் இரண்டு பேச்சு என்று அவர் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வேளையும் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போனேன். அவரும் விளக்கம் சொல்லவில்லை. பெரிய வாத்தியாரிடம் தை மாதத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடும்படி அம்மா சொன்னாள். நான் நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

பரிசம் போட நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். மாமா முந்தியே வந்து அப்பாவுக்குத் துவாய் கட்டிவிட்டிருந்தார். நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, கதவிடுக்கில் காதை வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா உயரமான, அதிகம் பேசாத மனுஷர். அவருக்கும் சேர்த்து அத்தை பேசினார். "எங்க லயத்துல இன்னமும் ஒங்க பேச்சுத்தாங்க" என்றார் அப்பாவைப் பார்த்து. "பைக்குள்ளேருந்து கரண்டிய எடுத்து, தொரை கணக்கா சாப்புட்டீங்களே! ஒரு பருக்கை கையில படல. நாங்க அசந்து போயிட்டோம்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அதைத்தாங்க நானும் சொல்லணும்னு இருந்தேன். என் கை நனையலைங்க."

மாமா துள்ளினார். "என்ன மச்சான் பேச்சு இது? கரண்டியப் புடிச்சது கைதானே?"

"புடிச்சது கைதான். நனஞ்சது கரண்டி" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா இதை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டார். நியாயம் விசாரித்துப் பழகியவர். "ரசம் ஊத்திக்கலையா?" என்று கேட்டார்.

"தண்ணி சேத்துக்கக் கூடாதுங்க. பருப்புச் சோறுதான்."

"எந்திரிச்சுக் கை கழுவலையா?"

"கழுவலைங்க. கரண்டியத்தான் கழுவுனேன்."

அவர் தங்கையைப் பார்த்தார். அத்தை யோசித்துவிட்டு, ஆமாம், தண்ணீர் ஊற்றியது தான்தான், கரண்டியைத்தான் நீட்டினார் என்று ஒத்துக்கொண்டார். இந்தச் சாட்சி தன் பக்கத்துக்கு எதிரானது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"சரிங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஆனா எதுக்குங்க கரண்டி? நம்மள்ல யாரும் கரண்டியில சாப்புடுறதில்லையே."

இதற்குத்தான் அப்பா பயந்திருக்க வேண்டும். மாமா கண்ணாலும் கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். அப்பா எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். துவாயை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக அது வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அப்பாவின் சொந்த வயிறு தெரிந்தது. நெஞ்சிலிருந்து தொப்புள்வரை ஒரு தழும்பு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். அதை அவர் எங்களுக்குக்கூடக் காட்டியதில்லை. பின்வாசலில், ஆள் இல்லாத நேரத்தில், சட்டையோடு குளிக்கிறவர் அவர்.

"பாதி வயித்துக்காரனுங்க நான்" என்றார். "மீதிய கண்டியில வெட்டி எடுத்துட்டாங்க. அன்னைக்கிப் பசி மயக்கம். சாப்புடாட்டி விழுந்துருப்பேன். அதனால சாப்புட்டேன். ஆனா கை நனைக்க மாட்டேன்னு மககிட்டச் சொல்லிட்டு வந்துருந்தேன். அவளுக்குப் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கணும்னு ஆச."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கோயில் சாப்பாடு போடுறப்ப மட்டும்."

அவர் தலையாட்டினார். பிறகு வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மேலே துணியைப் போட்டு மூடினார். அம்மா தேத்தண்ணியை எடுத்துப் போனாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சோறு வேணாம்மா, நாங்க பஸ்ஸப் புடிக்கணும்" என்றார். கை நனைக்காமலே போனார்கள். வாசல்வரை போய் வழியனுப்பியது அப்பா, சட்டைப் பொத்தான் போட மறந்துவிட்டு. மாமா துவாயை மடித்துக் கொண்டிருந்தார், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவர்கள் பஸ் மலைவளைவில் மறைந்த பிறகு அப்பாவின் நான்காம் வேளைக்கு நேரமாகிவிட்டது. ஒரு கைப்பிடிச் சோறும் கிழங்கும் வைத்துத் தட்டை முன்னால் வைத்தேன். இந்தத் தடவை போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆளில்லாத இடத்தில்கூட கரண்டியை ஒளித்துவைக்கிறவர், ஊர் கூடிய இடத்தில், நடுங்குகிற கையோடு, அதைத் தேடி எடுத்திருக்கிறார்.

"கையெல்லாம் நடுங்கிருக்குமேப்பா. சோறு கொட்டலையா?"

"கொட்டிச்சு. இலையிலதான்" என்றார்.

"அன்னைக்கே எங்கிட்ட வெவரமாச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே, கை நனைக்கலன்னு."

தட்டைப் பார்த்தார். பைக்குள் கை விட்டுக் கரண்டியை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்துவிட்டு, கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.